தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கிறீர்களா? கர்ப்பகாலப் பராமரிப்பை முழுசாகப் பெற ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பராமரிப்பு உண்மையிலேயே நல்ல பராமரிப்பு. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஊசி, மாத்திரை, பிரசவம், ஆபரேஷன் எதற்கும் அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. அதற்கு மேல் உதவித்தொகையும் உண்டு. ஆனால் எதை எந்த வாரத்தில் கேட்க வேண்டும், எந்தக் காகிதத்தை எங்கே காட்ட வேண்டும் என்று ஒரே இடத்தில் உட்காரவைத்துச் சொல்ல ஆளில்லை. எனக்குத் திருப்பூரில் பதிவு, விழுப்புரம் பக்கம் அம்மா வீட்டில் பிரசவம். இரண்டு ஊருக்கும் நடுவே அலைந்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசைப்படுத்தி வைக்கிறேன். தனியாரில் பார்க்கிறவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். வீட்டில் எல்லோரும் மாதக் கணக்கு பேசுவார்கள்; ஆஸ்பத்திரியில் வாரக் கணக்குதான். "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் போகலாம்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்தால், முதல் 12 வாரத்தில் நடக்க வேண்டியதெல்லாம் கைவிட்டுப் போகும்.

1. நாள் தள்ளிப்போன உடனே: தேதி

கடைசியாக மாதவிலக்கு ஆன முதல் நாள் எது என்பதை எழுதி வையுங்கள். எந்த ஆஸ்பத்திரியிலும் முதல் கேள்வி இதுதான். அந்தத் தேதியிலிருந்து 280 நாள் கூட்டி பிரசவத் தேதி போடுவார்கள்.

மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்கள், தேதி நினைவில்லாதவர்கள் 7, 8 வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்வது நல்லது. அந்த ஆரம்ப ஸ்கேன் சொல்லும் வாரக் கணக்குதான் நம்பகமானது. ஏழாம் மாத ஸ்கேனில் வேறு பிரசவத் தேதி அச்சாகி வரும், ஒன்பதாம் மாதத்தில் இன்னொன்று வரும். அது குழந்தையின் அளவை வைத்துக் கருவி போடும் கணக்கு. அதைப் பார்த்து வீட்டில் ஆளாளுக்கு ஒரு தேதி சொல்லாமல் இருக்க, முதலில் டாக்டர் உறுதிசெய்த தேதியை ஃபைலின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

போலிக் ஆசிட் மாத்திரை இன்னும் தொடங்கவில்லை என்றால் இன்றே டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்டு வாங்குங்கள். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் காலம் முதல் சில வாரங்கள்தான்.

2. 12 வாரத்துக்குள்: பிக்மி பதிவு

பிக்மி என்பது கர்ப்பிணிகளின் விவரத்தை அரசு ஏற்றிவைக்கும் இணையப் பதிவேடு. அதில் பதிய உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரையோ, நகரமென்றால் நகர்ப்புற சுகாதார செவிலியரையோ பாருங்கள். யாரென்று தெரியாவிட்டால் அங்கன்வாடியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேராகவும் போகலாம். பெரும்பாலான இடங்களில் கர்ப்பிணிகளுக்குச் செவ்வாய்க்கிழமை.

எடுத்துப் போக வேண்டியவை: உங்கள் ஆதார், கணவரின் ஆதார், ரேஷன் கார்டு, உங்கள் பெயரிலுள்ள வங்கிப் புத்தகம், எப்போதும் உங்கள் கையில் இருக்கும் மொபைல் எண். எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ். அங்கே போய்க் கடை தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பதிவு முடிந்ததும் 12 இலக்க ஆர்.சி.எச். எண் தருவார்கள். மக்கள் வாயில் அது பிக்மி நம்பர். இதில் ஒரு பொறி இருக்கிறது. பிக்மி இணையதளத்திலோ 102-க்கு போன் செய்தோ நீங்களே முன்பதிவு செய்யலாம். அதற்கும் ஒரு எண் வரும். ஆனால் அது முன்பதிவு எண் மட்டும்தான். செவிலியர் விவரங்களைச் சரிபார்த்த பிறகு வருவதுதான் நிஜமான எண். முன்பதிவு எண்ணை வைத்துக்கொண்டு எட்டு மாதம் நிம்மதியாக இருந்துவிட்டு, பிரசவ வார்டில் ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தனியார் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் என்று முடிவு செய்தவர்களும் இதைத் தவிர்க்க முடியாது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண் வேண்டும். செவிலியர் கூப்பிட்டால் "நாங்க பிரைவேட்டுல பாக்குறோம்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

3. ஒரே ஃபைல், உங்கள் கையில்

பதிவின்போது தாய் சேய் நல அட்டை தருவார்கள். ஒவ்வொரு முறையும் எடை, ரத்த அழுத்தம், ரத்த அளவு, வயிற்றின் உயரம், குழந்தையின் இதயத்துடிப்பு எல்லாம் அதில் ஏறும். கட்டங்கள் சின்னவை; கூட்டம் அதிகமான நாளில் பிரஷர் கட்டம் காலியாகவே விடுபட்டுப் போகும். எழுந்து வருவதற்கு முன் "பிரஷர் எவ்வளவுங்க சிஸ்டர், எழுதியாச்சா?" என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பின்னால் ஒருநாள் தலைவலியோடு போய் நிற்கும்போது, போன மாதம் எவ்வளவு இருந்தது என்பதை வைத்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார்.

அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், ஆதார் நகல் எல்லாம் ஒரே ஃபைலில், தேதி வரிசையில் இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, கணவருக்கும் அம்மாவுக்கும் அனுப்பி வையுங்கள். ஸ்கேன் படங்கள் வெப்பத்தில் மங்கிப்போகும் தாளில் வருவதால் அதை உடனே செய்யுங்கள்.

4. முதல் ரத்தப் பரிசோதனையில் என்னென்ன இருக்க வேண்டும்

ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, எச்.ஐ.வி., மேகநோய்க்கான வி.டி.ஆர்.எல்., ஹெபடைடிஸ் பி, தைராய்டு, சிறுநீரில் அல்புமின், சர்க்கரை. ரிப்போர்ட் வாங்கும்போது எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் கடுமையான நிலை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். இடையில் இருப்பவர்களுக்கு மாத்திரையில் ஏறாவிட்டால் இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏற்றும் வசதி அரசிலேயே உண்டு. பயப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். பிரசவ நேரத்தில் அவசரமாக ரத்தம் தேடி அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

உங்கள் ரத்த வகை நெகட்டிவ், கணவருடையது பாசிட்டிவ் என்றால் அதை அட்டையின் முகப்பில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். இந்த ரத்த வகை வேறுபாட்டால் வரும் பாதிப்பைத் தடுக்க 28-வது வாரத்தில் ஆன்டி-டி ஊசி, குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. தனியாரில் இந்த ஊசி சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்பதால் முன்பே விலை கேட்டு வையுங்கள். கருக்கலைந்தாலும் இந்த ஊசி தேவைப்படும், அது பலருக்குத் தெரிவதில்லை.

5. ஸ்கேன்: தவறவிட்டால் திரும்ப வராத இரண்டு

எத்தனை ஸ்கேன் எடுத்தோம் என்பது பெரிதில்லை. இரண்டு ஸ்கேனுக்கு மட்டும் நாள் பார்த்துத்தான் போக வேண்டும்.

முதலாவது என்.டி. ஸ்கேன். 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரை. குழந்தையின் பின்கழுத்தில் உள்ள நீரின் கனத்தை அளந்து, டவுன் சிண்ட்ரோம் போன்ற குறைபாடுகளுக்கு வாய்ப்பு எவ்வளவு என்று பார்ப்பார்கள். கூடவே டபுள் மார்க்கர் என்ற ரத்தப் பரிசோதனையும் எழுதலாம். இதில் "வாய்ப்பு அதிகம்" என்று வந்தால் நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை; அடுத்த பரிசோதனை வேண்டும் என்று அர்த்தம். அந்த இரவைத் தூங்காமல் கழிப்பதற்கு முன் டாக்டரிடம் இதைக் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். 14 வாரம் தாண்டிவிட்டால் இந்த ஸ்கேனுக்குப் பொருளில்லை. வேறு ரத்தப் பரிசோதனை இருக்கிறதா என்று கேட்கலாம்.

இரண்டாவது, அனாமலி ஸ்கேன். 18 முதல் 20 வாரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது. இதயம், மூளை, முதுகுத்தண்டு, சிறுநீரகம் என்று உறுப்பு உறுப்பாகப் பார்க்கும் ஸ்கேன் இது. நாளைக் கடத்தக் கூடாததற்கு ஒரு கனமான காரணம் இருக்கிறது. பெரிய குறைபாடு ஏதாவது தெரியவந்தால் இரண்டாவது கருத்து, இதயத்துக்குத் தனி எக்கோ, மரபணுப் பரிசோதனை என்று ஒவ்வொன்றும் ஒரு வாரத்தைத் தின்னும். 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும், இரண்டு டாக்டர்கள் ஒப்ப வேண்டும். அதற்கு மேல் போனால் மருத்துவ வாரியத்தின் முன் நிற்க வேண்டும். யாருக்கும் அந்த நிலை வர வேண்டாம். வந்தால், யோசிக்க நாலு நாளாவது கையில் இருக்கட்டும்.

என்.டி. ஸ்கேன் முடிந்து வெளியே வரும்போதே அனாமலிக்கு நாள் குறித்துவிடுங்கள். நல்ல ஸ்கேன் டாக்டர்களிடம் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். அரசு ஆஸ்பத்திரியில் எடுப்பதானால் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு டோக்கன் என்று செவிலியரிடம் முந்தைய மாதமே கேளுங்கள். தனியாரில் இந்த இரண்டு ஸ்கேனுக்கும் தலா ஒன்றரை ஆயிரத்திலிருந்து மூவாயிரத்துக்கு மேல் வரை வாங்குகிறார்கள். ஊருக்கு ஊர் மாறும். போன் செய்து விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஸ்கேன் எடுக்க டாக்டரின் பரிந்துரைச் சீட்டும் அடையாள அட்டையும் வேண்டும். அங்கே ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். குழந்தையின் பாலினத்தைத் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை என்ற உறுதிமொழி அதில் இருக்கும். ஆணா பெண்ணா என்று சொல்வது மட்டுமல்ல, கேட்பதும் சட்டப்படி குற்றம். கூட வரும் மாமியார், அத்தை எல்லோருக்கும் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

6. சர்க்கரைப் பரிசோதனை

முதல் வருகையில் ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி. முதலில் சரியாக இருந்தது என்பதற்காக இரண்டாவதை விடக் கூடாது. கர்ப்பகாலச் சர்க்கரை பெரும்பாலும் இரண்டாம் பாதியில்தான் எட்டிப்பார்க்கிறது.

75 கிராம் குளுக்கோஸைச் சுமார் 300 மில்லி தண்ணீரில் கலந்து தருவார்கள். தித்திப்பு தொண்டையில் நிற்கும். ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். அப்புறம் 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய பரிசோதனை செல்லாது. மறைக்காமல் சொல்லிவிட்டு மறுநாள் வாருங்கள். மசக்கை அதிகம் உள்ளவர்கள் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்துகொள்ளலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள்.

அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த முறைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. இது தெரியாமல் விடியற்காலை பஸ் பிடித்து, பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து வரிசையிலேயே மயங்கி விழுகிற பெண்கள் இருக்கிறார்கள். தனியாரில் சிலர் வெறும் வயிற்றில் எடுக்கும் வேறு முறையைப் பின்பற்றுவார்கள். முதல்நாளே கேட்டுக்கொண்டால் போதும். காத்திருக்கும் 2 மணி நேரத்தில் எதுவும் சாப்பிட வேண்டாம், ஓரிடத்தில் உட்கார்ந்திருங்கள்.

7. மாத்திரையும் ஊசியும்

12 வாரத்துக்குப் பிறகு இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். 14 வாரத்திலிருந்து கால்சியம் தினம் இரண்டு. ரத்தசோகை இருந்தால் அளவு மாறும். டாக்டர் எழுதுவதே கணக்கு.

மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை என்று புலம்புகிற பலருக்குக் காரணம் ஒன்றுதான்: இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடுவது. கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவே 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலையும் மதியமும் சாப்பாட்டுக்குப் பின் கால்சியம், இரவு படுக்கப்போகும் முன் இரும்பு என்று வைத்தால் குமட்டலும் குறையும். இரும்பு மாத்திரையோடு டீ, காபி, பால் கூடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ நல்லது.

மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். அது இரும்பின் நிறம், கவலை வேண்டாம். "இரும்பு மாத்திரை போட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். இந்த ஒரு பேச்சால் மாத்திரையைக் குப்பையில் போட்ட பெண்களை எனக்குத் தெரியும். குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி இரண்டு: பதிவு செய்தவுடன் ஒன்று, 4 வாரம் கழித்து ஒன்று. பூச்சி மாத்திரை நாலாம் மாதத்துக்கு மேல் ஒருமுறை தருவார்கள்.

8. உதவித்தொகை: பணம் எங்கே நிற்கிறது?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். இதில் 14,000 வங்கிக்கு வரும். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். 2024-இல் தவணைகளை மூன்றாக மாற்றினார்கள்: கர்ப்பத்தின் 4-வது மாதம் 6,000, குழந்தை பிறந்த 4-வது மாதம் 6,000, 9-வது மாதம் 2,000. பெட்டகம் கர்ப்பத்தின் 3-வது மாதமும் 6-வது மாதமும். 19 வயது நிறைந்த, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துப் பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவம் வரை. 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். தனியாரில் பிரசவம் பார்க்கும் எண்ணமிருந்தால், தவணைகளுக்கு அது தடையாகுமா என்று பதிவின்போதே கேளுங்கள்.

பணம் வராமல் நிற்பது பெரும்பாலும் வங்கிக் கணக்கால்தான். எனக்கும் அப்படித்தான் நின்றது. சுகாதார நிலையத்தில் "அனுப்பியாச்சு" என்றார்கள், வங்கியில் "வரலை" என்றார்கள். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாமென்றால் மூன்று விஷயங்களை முதல் மாதமே பாருங்கள்.

கணக்கு உங்கள் ஒருவர் பெயரில் இருக்கட்டும். கணவரோடு சேர்ந்த கணக்கு வேண்டாம். ஆதாரிலும் வங்கியிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல் என்று மாறியிருந்தால் இப்போதே திருத்துங்கள், வயிறு பெரிதான பிறகு ஆதார் மையத்தில் நிற்க முடியாது. மூன்றாவது, அரசுப் பணம் நீங்கள் கடைசியாக ஆதாரை இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். நூறு நாள் வேலைக்கோ, காலேஜ் உதவித்தொகைக்கோ எப்போதோ திறந்த கணக்கில் அது போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

9. அம்மா வீட்டுக்குப் போகும் முன்

வளைகாப்பு முடிந்த கையோடு ஊர் மாறுகிறவர்களுக்கு இது முக்கியம். கிளம்பும் முன் பதிவு செய்த செவிலியரிடம் சொல்லி, போகும் ஊர், சுகாதார நிலையம், தங்கப்போகும் நாள் எல்லாம் பிக்மியில் ஏற்றச் சொல்லுங்கள். அவர் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா ஊருக்குப் போன அதே வாரம் அங்குள்ள செவிலியரைப் பார்த்து அட்டையைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் இந்த ஊர்க்காரர் அங்கே பார்ப்பார்கள் என்றிருப்பார், அந்த ஊர்க்காரருக்கு நீங்கள் வந்ததே தெரியாது. வாராவாரம் பரிசோதனை வேண்டிய கடைசி மாதம் அப்படியே கழிந்துவிடும்.

பரிசோதனை இடைவெளி பொதுவாக இப்படி: 28 வாரம் வரை மாதம் ஒருமுறை, 36 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் வாரம் ஒருமுறை. நடுவில் ஒருமுறையாவது மகப்பேறு நிபுணர் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் அதற்கென்றே இலவச முகாம் உண்டு.

எங்கே பிரசவம் என்பதையும் இப்போதே கேளுங்கள். முதல் குழந்தை ஆபரேஷன், பிரஷர், சர்க்கரை, இரட்டைக் குழந்தை, கடும் ரத்தசோகை இதில் ஏதாவது இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையம் போதாது. 24 மணி நேரமும் ஆபரேஷன், ரத்த வசதி உள்ள சீமாங் மையம் எது, வீட்டிலிருந்து எவ்வளவு நேரம் என்று தெரிந்து வையுங்கள்.

10. வேலைக்குப் போகிறவர்கள்

சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு. இதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. பிடிக்கும் கம்பெனி என்றால் பணம் இ.எஸ்.ஐ. மூலம் வரும். பிரசவத் தேதி போட்ட டாக்டர் சான்றோடு, எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தோ மின்னஞ்சல் பதிலோ பெற்று வையுங்கள். வாய்வார்த்தை போதாது.

11. அடுத்த பரிசோதனை வரை காத்திருக்கக் கூடாதவை

ரத்தம் படுதல். தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், மேல்வயிற்று வலி. பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல். வலிப்பு. பனிக்குடம் உடைந்து நீர் போவது. காய்ச்சல். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது. இதில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். "காலையில போய்க்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அசைவு குறைந்ததா என்று சந்தேகம் மட்டும் இருந்தால், இடதுபக்கம் சாய்ந்து படுத்துக் கவனியுங்கள். சந்தேகம் தீராவிட்டால் அப்போதே கிளம்புங்கள். போய்ப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்தால் அது வீண் அலைச்சல் அல்ல.

12. பிறந்த பிறகு, வீட்டுக்குக் கிளம்பும் முன்

குழந்தைக்குப் பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி மூன்றும் போட்டாயிற்றா என்று அட்டையில் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றால் வீடுவரை கொண்டுவிட இலவச வண்டி உண்டு, கேட்டு வாங்குங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆஸ்பத்திரியே அனுப்பிவிடும். ஆனால் அனுப்பும் முன் உங்கள் பெயர், கணவர் பெயர், இனிஷியல், நிரந்தர முகவரி எல்லாம் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். வெளியே போன பிறகு ஒரு எழுத்தைத் திருத்தவும் மனு எழுத வேண்டியிருக்கும். குழந்தைக்குப் பெயர் முடிவாகவில்லை என்றால் அவசரப்பட்டு எதையாவது எழுதாதீர்கள். அந்த இடத்தைக் காலியாக விடலாம். ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.